செருப்பு விட்டவர்கள் திரும்பி வரும் சந்து

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் ஒரு கிரகப்பிரவேசம். திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்காலில் இப்போது வாரத்துக்கு ஒன்றாவது நடக்கிறது. யார் வீடு என்று சரியாகத் தெரியாமலேயே பத்திரிகை வந்துவிடும், நாமும் போய்விடுவோம். அன்று விடியற்காலையில் மழை பெய்திருந்தது. வாசலில் ஒரே செருப்புக் குவியல். ஈரத் தோலும் ரப்பரும் சேறும் கலந்து ஒரு நாற்றம் வருமே, அது என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், ஊன்றுகோலின் நுனியால் செருப்புகளை ஜோடி ஜோடியாகத் தள்ளிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரப் பெண் பதறிப்போய் ஓடிவந்தாள். "ஐயோ ஆண்ட்டி, நீங்க ஏன் இதெல்லாம் பண்றீங்க, உள்ள வாங்க."

உள்ளே போனேன். பாயசம் குடித்தேன். நல்ல பாயசம். ஆனால் அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. நான் ஒரு காலத்தில் ஊர் பேர் தெரியாதவர்களின் செருப்பையெல்லாம் காவல் காத்தவள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னால், பாவம், என்ன நினைப்பாள்? உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லையே?

திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து வந்த புதிது. திடீரென்று ஊரில் ஆபீசுகள், ஆபீசுகளுக்கு வெளியூர் ஆட்கள், அவர்களுக்கு வெளியூரில் பேசவேண்டிய வீடுகள். எஸ்.டி.டி. பூத் வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. மூன்று வயதில் போலியோ வந்து சூம்பிப்போன என் இடது கால் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த பூத்தான். கண்ணாடிக் கதவு, மஞ்சள் போர்டு, சுழலும் நாற்காலி. முதல் ஒரு மாதம் அந்த நாற்காலியில் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து என்னையே ஒரு பேங்க் மேனேஜராக நினைத்துக்கொண்டிருந்தேன். பேச வருகிறவர்கள்தான் கம்மி.

கடை அமைந்த இடம் அப்படி. தேர் ஓடுகிற வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு முட்டுச் சந்து. இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டும். மொத்தமே நான்கு கடை, எல்லாம் ஒரே ஓனருடைய கட்டடம். சந்து வாயில் சரோஜா அக்காவின் டிபன் கடை. அதை ஒட்டி என் பூத். எதிரில் ஷபீர் பாயின் குடைக் கடை. பை, தொப்பி, விசிறி எல்லாம் வைத்திருப்பார், குடை ரிப்பேரும் பண்ணுவார். சந்தின் கடைசியில், ஒரு காலி மனைக்குப் பக்கத்தில், நயினார் பாத்திரக் கடை. நயினார் என்று எங்கள் பக்கத்துச் சமணர்களைச் சொல்வோம். அவருக்குப் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம், பெயர் தரணேந்திரன். அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு வளையாமல் எல்லோருக்கும் அவர் நயினார்தான். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிட மாட்டார்.

நாங்கள் நால்வரும் ஒற்றுமையாக இருந்தோம் என்று கதை விடமாட்டேன். பாய் மாட்டிவைக்கும் குடைகள் காற்றில் ஆடி என் மஞ்சள் போர்டை மறைத்தன. தட்டு கழுவிய தண்ணீரைச் சரோஜா அக்கா வீசி ஊற்றினால் அது நேராக நயினார் கடைப் படிக்குப் போய் நின்றது. நயினார் பாத்திரத்தில் பெயர் வெட்ட ஆரம்பித்தால் என் பூத்தில் பேசுகிறவர்கள், "இன்னாது? கேக்கல!" என்று கத்துவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடை திறந்து, பார்க்காமல் மூடிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷங்களில்தான் பௌர்ணமிக் கூட்டம் பெருக ஆரம்பித்தது. என் சின்ன வயதில் ஊர்க்காரர்களும் சாமியார்களும்தான் மலை சுற்றுவார்கள். திடீரென்று எங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக ஜனம். மாதா மாதம் ஒரு தீபத் திருவிழா போல. அத்தனை கூட்டமும் எங்கள் சந்தைத் தாண்டி வீதியோடு போயிற்று. உள்ளே எட்டிப் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. "ஆறு நிறைய தண்ணி போவுது, நம்ம நாக்கு நனையல பாரு" என்று பாய் குடைத் துணியைத் தைத்துக்கொண்டே யாரிடமோ சொல்வது போலச் சொல்வார்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் சாயந்திரம் சரோஜா அக்கா எங்கள் மூவரையும் கூப்பிட்டாள். நயினார் முதலில் வரவில்லை, தண்ணீர்ச் சண்டை என்று நினைத்துவிட்டார். அவருக்காக தனியாக ஒரு ஈடு இட்லியும் வெங்காயம் போடாத சட்னியும் வைத்து, பொழுது சாய்வதற்குள் வாங்க என்று கவிதாவிடம் சொல்லி அனுப்பினாள். கவிதா அவள் மகள், அப்போது ஐந்தாவதோ ஆறாவதோ. அக்காவின் கணவன் வேலைக்கென்று பெங்களூர் போய் அங்கேயே இருந்துவிட்டவன். அவனைப் பற்றி அக்கா பேசி நான் கேட்டதில்லை.

"வெறுங்கால்ல மலைய சுத்தறவங்க செருப்ப எங்க வுடறதுன்னு தெரியாம என் பெஞ்சிக்குக் கீழ வுட்டுட்டுப் போறாங்க. நேத்து இட்லி சாப்புட வந்தவங்க கம்மி, செருப்பு வுட வந்தவங்க ஜாஸ்தி" என்றாள்.

"அதுக்கு?" என்றார் நயினார், இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"செருப்ப வுட்டுட்டுப் போறவன் திரும்பி வந்துதாங்க ஆவணும். சுத்தி முடிச்சி பசியோட, கால்வலியோட, நம்ம சந்துக்குள்ள வந்துதான் ஆவணும். வேற எங்க போயிடுவான்?"

பாய் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஓசிலயா?"

"ஓசிலதான் பாய். காசு கேட்டா பெஞ்சிக்குக் கீழதான் வுடுவான்."

நயினார் கை கழுவிக்கொண்டு வந்து, "நல்ல யோசனதான். ஆனா நான் தோலத் தொட மாட்டேன்மா" என்றார். அவர் வீட்டில் தோல் பெல்ட்டுகூடக் கிடையாது.

"தொட வாணாங்க. மேல இருக்கற குடம் எடுக்க கொக்கி வச்ச கோல் வச்சிருக்கீங்க இல்ல, அதால எடுங்க." உடனே விரலை நீட்டி, "அதே கோலால நாளைக்கு எனக்கு குண்டான் எடுத்துக் குடுத்தீங்கன்னா வாங்க மாட்டேன், ஆமா" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நயினார் வீணான அலுமினியத் தகடுகளை வட்டமாக வெட்டி, பெயர் வெட்டுகிற கருவியாலேயே எண் போட்டு டோக்கன் செய்தார். பாய் குடைத் துணியில் மிஞ்சிய நாடாக்களைக் கொண்டு ஜோடிகளைக் கட்டச் சொல்லிக்கொடுத்தார். காலி மனையைச் சுத்தம் செய்து சவுக்குக் கட்டையில் தட்டுகள் அடித்தோம். கட்டடத்துப் பின்னால் பூட்டிக் கிடந்த கக்கூசைத் திறந்து கழுவி, பெண்களுக்கு என்று விட்டது அக்காவின் ஏற்பாடு. சொல்கிறேன், செருப்பை விட அதற்குத்தான் பெண்கள் எங்கள் சந்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சந்து வாயில் ஒரு போர்டு. 'செருப்பு இங்கே விடவும், இலவசம்' என்று பாய் எழுதிவிட்டார். அக்கா பார்த்துவிட்டு, "திரும்பி வருகன்னு ஒண்ணு சேத்துக்கங்க பாய்" என்றாள்.

திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் நாலு இட்லி சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது அக்கா, "குழந்தைக்கு வெயில் படுது பாருங்க, எதிர்ல பாய் கடைல தொப்பி இருக்குது" என்பாள். தொப்பி வாங்கியவர்களிடம் பாய், "வீட்டுக்கு போன் போட்டு சொல்லிட்டீங்களா?" என்பார். என் பூத்தில் பேசிவிட்டுச் செருப்பு வாங்க உள்ளே போனால் நயினார் கடை. மலை சுற்றிய நினைவுக்கு ஒரு சின்ன சொம்பு, அதில் பெயர் வெட்டித் தருவார். சந்தோஷத்தில் கத்திப் பேசுவார்கள் என் பூத்தில். "சுத்தி முடிச்சிட்டேன்! நல்லா தரிசனம்! தயிருக்கு ஒற வுட்டியா?" என்று ஓர் அம்மாள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மலையை ஒருமுறைகூடச் சுற்றாத நான், சுற்றியவர்களின் செருப்பையெல்லாம் கையால் தொட்டு எடுத்துக் கொடுத்தேன். புண்ணியத்தில் எனக்கும் ஏதாவது பங்கு உண்டா என்று கேட்டால் அக்கா, "உனக்கு செருப்பு அளவு தெரிஞ்சது, அதுதான் புண்ணியம்" என்பாள்.

எங்களுக்குச் சங்கம் என்று பெயர் கிடையாது, தலைவர் கிடையாது. பாய்க்கு மட்டும் ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று ஆசை. பேச்சில் ஒரு சொல் தானாக வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அதுவரை என் கடை, உங்க கடை. பிறகு 'நம்ம சந்து'. தட்டு கழுவுகிற தண்ணீருக்கு நயினாரே ஒரு சாக்கடைக் குழாய் போட்டுக் கொடுத்தார். பாய் குடைகளை இரண்டடி தள்ளி மாட்டினார். தினமும் பதினோரு மணி வாக்கில் கூட்டம் ஓய்ந்ததும் அக்கா இரண்டு டம்ளர் காப்பியோடு என் பூத்துக்கு வருவாள். சுழல் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிடுவேன். அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பேசவே மாட்டாள். நாள் முழுவதும் வாய் ஓயாதவள் அந்தக் கால் மணி நேரம் மட்டும் பேசாமல் இருப்பாள்.

ஏழெட்டு வருஷம் அப்படி ஓடியது. அவளுடைய அடுப்பு சந்து வாயிலேயே இருந்தது. உள்ளே தள்ளி வைக்கலாமே என்று நயினார் ஒருமுறை சொன்னார். "உள்ள வச்சா வாசன வீதிக்குப் போவாதுங்க" என்றாள். அது சரியாகத்தான் பட்டது, எல்லோருக்கும்.

அது ஓர் ஐப்பசிப் பௌர்ணமி. சாயந்திரத்திலிருந்து வானம் மூட்டம், ஆனால் மழை இல்லை. கூட்டம் எப்போதையும் விட அதிகம். தட்டுகள் நிரம்பி, தரையில் சாக்கு விரித்து அடுக்கினோம். விடிகிற நேரத்தில் சுற்றி முடித்தவர்கள் மொத்தமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. கரண்டும் போயிற்று. செருப்பு வாங்கியவர்கள் வெளியே வரப் பார்த்தார்கள். வீதியில் நனைந்தவர்கள் உள்ளே ஒதுங்கப் பார்த்தார்கள். முட்டுச் சந்து. இரண்டு கூட்டமும் சந்து வாயில் ஒன்றோடு ஒன்று மோதி நின்றன.

நான் கண்ணாடிக் கதவுக்குள் இருந்தேன். அலறல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை, மழைச் சத்தம். அண்டா விழுகிற சத்தம் ஒன்று கேட்டது. நயினார் கடையில் ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கொதிக்கிற சாம்பார் அண்டா. நெருக்கியடித்த கூட்டம் பெஞ்சைத் தள்ள, பெஞ்சு அடுப்பைத் தள்ள, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்த அக்கா மேல் அது சாய்ந்தது. கூட்டத்தில் சிலருக்குக் கால் மிதிபட்டது, ஒருவருக்குக் கையில் லேசாகக் கொப்புளம். மற்றபடி எல்லாம் அவள் மேல்தான். பாய் கையை விரித்துக்கொண்டு சந்து வாயில் நின்று, "நவுருங்க, நவுருங்க" என்று கத்திக் கூட்டத்தைப் பின்னால் தள்ளினார். அதே பெஞ்சில் அவளைக் கிடத்தி அவரும் நயினாரும் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் பூத்தை விட்டு வெளியே வந்த என்னைப் பார்த்து, "அடுப்ப அணைச்சிடு" என்றாள். அப்புறம், "கவிதாவ எழுப்பாத, அதுக்கு பரிச்ச இருக்குது" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அடுப்பை அணைத்தேன். பாய் ஆட்டோவில் அவளோடு போனார். நயினார் திரும்பி வந்தார்.

டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "எங்க செருப்பக் குடுத்துடுங்கம்மா, பஸ்ஸு போயிடும்" என்று ஒரு பெரியவர் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். கெட்டவர்கள் இல்லை. பஸ் போய்விடும், அவ்வளவுதான். நான் ஊன்றுகோலை ஊன்றிக் காலி மனைக்குப் போனேன். எண்ணைப் பார்த்தேன், ஜோடியை எடுத்தேன், கொடுத்தேன். பக்கத்தில் நயினார் எடுத்துக்கொண்டிருந்தார். கோல் எங்கே போயிற்றோ, இரண்டு கையாலும் எடுத்தார். ஈரத்தில் ஊறிய தோல் செருப்புகள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வெயில் வந்து, கூட்டம் கரைந்து, கடைசி ஜோடி போகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

ஜி.எச்.சில் பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு வாரம் தாண்டவில்லை. செய்தி என் பூத்துக்குத்தான் வந்தது, பாய் பேசினார். போளூரில் இருந்த அவள் தம்பிக்கு நான் போன் செய்து சொன்னேன். அவன் அழுதான். நான் பேசி முடித்து வைத்ததும் மெஷின் வழக்கம்போலக் கிர்ரென்று பில்லைத் துப்பியது. வழக்கம்போலக் கிழித்து, மேஜைமேல் இருந்த கம்பியில் குத்தினேன். குத்திய பிறகுதான் அது என்ன பில் என்று தோன்றியது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை எனக்கு. அழுகை வரும், இப்போது வரும் என்று சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். யாரோ வந்து, "மெட்ராசுக்குப் பேசணும்" என்றார். நம்பர் கேட்டேன்.

விசாரணைக்கு ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். "இந்தச் செருப்பு ஸ்டாண்டு யாருது?" என்றார்.

"என்னுது" என்றார் நயினார்.

"என்னுதுங்க" என்றார் பாய், அதே நேரத்தில்.

நானும் கையைத் தூக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாராவது ஒருத்தர் சொல்லுங்கய்யா." நாங்கள் மூவரும் பேசாமல் நின்றோம். அக்காவின் தம்பி புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கவிதாவைப் போளூருக்கு அழைத்துக்கொண்டு போனான். எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அப்படி அங்கே நின்றதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த பௌர்ணமிக்குச் செருப்பு எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, எடுப்போம் என்றும் சொல்லவில்லை. ஜனங்கள் வந்து விட்டுவிட்டுப் போனார்கள். எடுத்து அடுக்கினோம். டிபன் கடைக் கதவு சாத்தியிருந்தது. சுற்றி வந்தவர்கள் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு அக்கா இட்லி போடுவாங்களே?" என்று கேட்டார்கள். "இல்ல" என்றோம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. சில மாதம் அப்படிப் போயிற்று. ஒரு பௌர்ணமியன்று நயினார் போர்டை வெளியே எடுத்து வைக்கவில்லை. ஏன் என்று பாயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்குப் பாயின் குடைகள் மறுபடி என் போர்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. நான் சொன்னால் நகர்த்தியிருப்பார். சொல்லவில்லை.

பிறகு ஓனர் லாட்ஜ் கட்டப் போவதாகச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒரு சாயந்திரம் மூவரும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். எங்கே உட்காருவது? உட்கார்ந்ததெல்லாம் அக்காவின் கடையில். ஓனரை நயினார் தனியாகப் போய்ப் பார்த்தார். பாய் தனியாகப் பார்த்தார். நானும் ஒருநாள் ஆட்டோ வைத்துக்கொண்டு தனியாகப் போய், அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதற்குள் ஊரெல்லாம் செல்போன் வந்துவிட்டது, பூத்தைத் தேடி வருகிறவர்களும் இல்லை. நயினார் வந்தவாசிப் பக்கம் ஊரோடு போய்விட்டார். போகிற அன்று படியேறி வந்து, "வரேன்மா" என்றார். "சரிங்க" என்றேன். அத்தனை வருஷப் பழக்கத்துக்கு அவ்வளவுதான் பேசிக்கொண்டோம். பாயை எப்போதாவது கடைத்தெருவில் பார்ப்பேன். மகனோடு சேர்ந்து செல்போனுக்கு உறை விற்கிறார். தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன்.

கவிதா ஒருமுறை வந்தாள், நான்கைந்து வருஷம் ஆகியிருக்கும். கல்யாணமாகி, கையில் ஒரு பையன். வேங்கிக்காலில் என் வீட்டை எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். முகம் அக்கா மாதிரி இல்லை, நடை மட்டும் அதே நடை. "அம்மா கடை இருந்த எடத்த ஒரு தடவ காட்டறீங்களா அக்கா? வீதியே மாறிப்போச்சு, எனக்கு அடையாளம் தெரியல" என்றாள்.

ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். சந்து இல்லை. லாட்ஜ் காம்பவுண்டுக்குள் போய்விட்டது. நாங்கள் நால்வரும் இருந்த இடம் முழுவதும் சிமெண்டு போட்டு, வெள்ளைக் கோடு கிழித்து, கார் நிறுத்துகிற இடமாகியிருந்தது. வீதியிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் சுவர் என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். பூத்தின் படியைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு அடுத்தது அவள் கடை. படியே எங்கே என்று தெரியவில்லை. ஏழெட்டு வருஷம் தினமும் ஏறி இறங்கிய படி. கவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கதான்" என்று ஓர் இடத்தைக் காட்டினேன்.

அவள் பையனை இறக்கிவிட்டு அங்கே போய் நின்றாள். கீழே பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை, சிமெண்டுதான். பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்றான் டிரைவர்.

தள்ளிக்கொண்டோம். கார் வந்து அந்த இடத்தில் நின்றது.